ஒபேரா மேடையும் சனரஞ்சகப் பாடலும்: ரிச்சர்ட் டௌபரின் இசைவாழ்வு பற்றிய ஒரு நோக்கு

மேனாட்டு இசை வரலாற்றை எழுதுவோரிடையே ஒரு வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஒபேராப் பாடகர் ஒருவர் சனரஞ்சகப் பாடல்களைப் பாட முற்படின் அதனை ஓர் 'இறக்கம்' எனக் கணிப்பதும், அவ்வாறு பாடாது ஒதுங்கி நின்றவரைத் தூய கலைஞர் எனப் போற்றுவதுமே அவ்வழக்கமாகும். உயர்ந்த கலை, தாழ்ந்த கலை என்னும் பாகுபாடு இயற்கையானது, என்றும் உள்ளது என்ற எண்ணம் இதற்கு அடிப்படையாக அமைகின்றது. அவ்வெண்ணம் எத்துணை பொருத்தமானது என்பதனை ஒரு பாடகரின் வாழ்வை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 1891ஆம் ஆண்டு தொடக்கம் 1948ஆம் ஆண்டு வரை வாழ்ந்த ஒஸ்திரிய டெனர் பாடகரான ரிச்சர்ட் டௌபரே அப்பாடகர். டெனர் என்பது ஆடவர் குரல்களுள் வழக்கமாக மேடையில் ஒலிக்கும் மிக உயர்ந்த தொனிநிலைக்குரிய குரலாகும். ஒபேராவில் காதலனும் வீரனும் பெரும்பாலும் டெனர்களே.

டௌபரைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் உண்டு. மொசார்ட்டின் ஒபேராக்களைப் பாடுவதில் தம் காலத்தில் முதன்மையானவர்களுள் ஒருவராக மதிக்கப்பட்ட அவர், அதே காலத்தில் ஜேர்மன் மொழி வழங்கிய நாடுகளெங்கும் தெருவிலும் தேநீர்ச்சாலையிலும் முணுமுணுக்கப்பட்ட பாட்டுகளின் குரலாகவும் விளங்கினார். இவ்விரு நிலைகளையும் ஒருங்கே பெற்ற அவருடைய வாழ்வினூடாக இசைத்தட்டு, வானொலி, பேசும்படம் ஆகிய வெகுசனச் சாதனங்களின் எழுச்சியையும், 1933இல் ஜேர்மனியில் அதிகாரத்தைக் கைப்பற்றிய நாஸிசம் கலைஞரை நடத்திய விதத்தையும் ஒருசேரக் காணலாம்.

முதலில் அப்பாகுபாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். டௌபர் 1913 மார்ச் 2ஆம் நாள் கெம்னிற்ஸ் நகரில் முதன்முதலாக மேடையேறியபோது ஏற்ற வேடம் மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழ'லில் வரும் இளவரசன் தமினோவினுடையது. இன்று அவ்வொபேரா உயர்கலையின் சிகரங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. ஆனால் 1791 செப்ரெம்பர் 30ஆம் நாள் அது அரங்கேறிய இடம் அரசவை அரங்கன்று. வியன்னாவின் புறநகர்ப் பகுதியொன்றில், நுழைவுச்சீட்டு விற்று வாழ்ந்த வணிக நாடகசாலையொன்றிலேயே அது அரங்கேறியது. அந்நாடகசாலையின் நிருவாகியும் நூலாசிரியருமான ஷிக்கனேடர் தாமே கோமாளித்தன்மை வாய்ந்த பறவை பிடிப்போன் வேடத்தில் தோன்றிப் பாடினார். பாம்பு, இடிமுழக்கம், வேடிக்கைப் பேச்சு என்பனவற்றோடு ஆழ்ந்த இசையும் அங்கு கலந்திருந்தது. பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே முதலாளித்துவ வர்க்கம் தன் பண்பாட்டு மதிப்பை நிலைநாட்டிக்கொள்ளும் பொருட்டு மாபெரும் ஒபேரா மாளிகைகளை எழுப்பியபோதுதான் இத்தகைய ஆக்கங்கள் கோயிற் சிலைகள்போல் பிரதிட்டை செய்யப்பட்டன. ஆகவே, டௌபர் 'மேலிருந்து கீழே' சென்றார் என்போர் அவருடைய முதல் வேடமே கீழிருந்து மேலே சென்றதொன்று என்பதனை மறந்துவிடுகின்றனர்.

இத்துறையில் டௌபர் முதல்வரும் அல்லர். நேப்பிள்ஸ் நகரின் வறிய குடும்பமொன்றிற் பிறந்த என்றிக்கோ கரூசோ 1902 ஏப்பிரலில் மிலான் நகர விடுதியறையொன்றில் பத்துப் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அன்று தொட்டு ஒபேராக் குரலானது இசைத்தட்டு வடிவில் விற்பனைப் பொருளாகியது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அரங்கின் முதன்மைப் பாடகராக இருந்துகொண்டே அவர் நேப்பிள்ஸ் தெருப் பாட்டுகளையும் பதிவு செய்தார். அமெரிக்காவில் குடியேறி, துறைமுகங்களிலும் கட்டட வேலைகளிலும் உழைத்த இத்தாலியத் தொழிலாளருக்கு அத்தட்டுகள் ஊரின் குரலாக ஒலித்தன. அவருக்கு அப்பாட்டுகள் பிறந்த சூழலின் மொழி. டௌபரின் நிலை வேறானது. அவர் பாடிய சனரஞ்சகப் பாடல்கள் நாட்டார் மரபிலிருந்து வந்தவையல்ல. பெருநகரப் பொழுதுபோக்குத் தொழில் அவருக்கென்றே செய்தளித்தவை. ஆதலால் அவரைப் பற்றிய வினா கூடுதலாகச் சிக்கலுடையது.

டௌபர் ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1891 மே 16ஆம் நாள் விடுதியொன்றிற் பிறந்தார். தாய் நாடகசாலையிற் பாடி நடித்த விதவை. தந்தை அன்ரன் றிச்சர்ட் டௌபரும் நடிகரே. இருவரும் மணம் செய்துகொள்ளாதவராகையால் குழந்தை தாயின் குடும்பப் பெயரான டெனெமி என்பதாலேயே பதியப்பட்டது. தந்தை யூத வழியினர். கத்தோலிக்க சமயத்துக்கு மாறியவர். மகனும் கத்தோலிக்கராகவே வளர்க்கப்பட்டார். பிற்காலத்தில் ஓர் அரசு இவருடைய இரத்தத்தைக் கணக்கிட்டபோது இவ்வுண்மைகள் எவையும் பொருட்படுத்தப்படவில்லை.

இளமையில் அவரைக் கவர்ந்தவை வாக்னரின் ஒபேராக்கள். ஆனால் பெருங்குரலை வேண்டி நிற்கும் அவ்விசைக்கு அவருடைய குரல் பொருந்தவில்லை. பிறைபேர்க் நகரில் அவருக்குக் கற்பித்த கார்ல் பைன்ஸ் என்னும் ஆசிரியரே குரலின் இயல்பையுணர்ந்து மொசார்ட்டின் பக்கம் திருப்பிவிட்டார். அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. கெம்னிற்ஸ் அரங்கேற்றம் நிகழ்ந்த ஆண்டிலேயே திறெஸ்டன் அரசவை ஒபேரா அவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்திக்கொண்டது. கெம்னிற்ஸ் நாடகசாலையின் நிருவாகி அவருடைய தந்தையே என்பது அரங்கேற்றத்துக்கு வழிவகுத்திருக்கலாம். ஆயின் திறெஸ்டன் ஒப்பந்தம் குரலுக்குக் கிடைத்த ஊதியமே.

ஜேர்மன் ஒபேரா அமைப்புப் பற்றி இங்கு ஒரு குறிப்பு அவசியமாகின்றது. இத்தாலியிலே ஒரு பருவத்துக்குப் பாடகரைத் திரட்டிக் குழு அமைக்கும் முறை பெருவழக்காயிருக்க, ஜேர்மன் நகரங்களிலே ஆண்டு முழுவதும் மாதச் சம்பளத்துக்குப் பணியாற்றும் நிலையான குழுக்கள் இருந்தன. இளம் பாடகர் ஒருவர் ஒரு வாரத்திலேயே மொசார்ட், வேர்டி, ஒபெரெற்றா என மாறிமாறிப் பாடவேண்டியிருக்கும். டௌபர் புதிய வேடங்களை வியக்கத்தக்க வேகத்திற் கற்கும் ஆற்றலை இங்குதான் வளர்த்துக்கொண்டார். நோயுற்ற பாடகருக்குப் பதிலாக இறுதி நேரத்தில் அழைக்கப்படுபவர் என்ற வகையில் அவருக்கு 'ஆபத்துக்குதவும் டெனர்' என்ற பொருள்படும் பட்டப்பெயரும் வழங்கிற்று. 1926 யூலை 4ஆம் நாள் புச்சீனியின் 'துறண்டொ' ஜேர்மனியில் முதன்முறையாகத் திறெஸ்டனில் மேடையேறியபோது, முதன்மை டெனர் நோயுற்றமையால், சில நாட்களுக்குள் அவ்வேடத்தைப் பாடம்பண்ணிப் பாடியவர் அவரே. இத்தகைய தொழிற்பயிற்சி பெற்றவரை வெறும் 'மேடை அழகர்' என ஒதுக்கிவிட முடியாது.

முதலாம் உலக யுத்தத்தின் முடிவில் இரு பேரரசுகள் வீழ்ந்தன. அரசவை அரங்குகள் அரசாங்க அரங்குகளாயின. ஒஸ்திரியாவிலும் ஜேர்மனியிலும் பணவீக்கம் மத்தியதர வர்க்கத்தின் சேமிப்பைத் துடைத்தழித்தது. ஒபேரா அரங்குகள் அரசின் மானியத்தில் தங்கியிருக்க, வணிக நாடகசாலைகள் பெருநகர மக்களின் கைப்பணத்தை நாடிப் போட்டியிட்டன. இக்காலத்திலேதான் டௌபரும் இசையமைப்பாளர் பிரான்ஸ் லெஹாரும் இணைந்தனர். 1905இல் 'மகிழ்ச்சி மிகு விதவை' என்னும் ஒபெரெற்றாவினாற் பெரும் புகழீட்டிய லெஹார் இருபதுகளின் தொடக்கத்தில் தம் செல்வாக்கை இழந்து வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த யாஸ் இசையும் புதிய நடனங்களும் வியன்னா வால்ற்ஸைப் பின்தள்ளின. 'பகனீனி' என்னும் அவருடைய ஆக்கம் 1925இல் வியன்னாவில் டௌபர் இன்றி மேடையேறியபோது வரவேற்புப் பெறவில்லை. 1926 சனவரியில் பேர்லினில் டௌபருடன் மேடையேறியபோது அதுவே பெருவெற்றி பெற்றது. இசை மாறவில்லை, பாடியவரே மாறினார். அதன் பின்னர் லெஹார் தம் ஒவ்வோர் ஆக்கத்திலும் அவருடைய குரலுக்கென ஒரு பாட்டை இயற்றலானார். 'டௌபர் பாட்டு' என்ற பெயரே ஜேர்மன் மொழியில் நிலைத்துவிட்டது.

இப்பாட்டின் அமைப்பு ஆராயத்தக்கது. பெரும்பாலும் இரண்டாம் அங்கத்தில், கதை உச்சத்தை நெருங்கும் வேளையில், காதலன் தனித்து நின்று பாடுவதாக அது வரும். டௌபரின் குரல் மிகப் பெரியதன்று. மிக உயர்ந்த சுரங்களில் அவருடைய வல்லமை மட்டுப்பட்டதே. இதனை நன்கறிந்த லெஹார் அவருக்கு இலகுவான தொனிநிலையிலேயே உச்சத்தை அமைத்தார். டௌபரின் தனித்திறன் வேறிடத்திலிருந்தது. உரத்த சுரத்திலிருந்து காதோடு பேசுவது போன்ற மென்குரலுக்கு இடையறாது இறங்குவதிலும், சொல்லின் பொருளுக்கேற்பத் தாளத்தைச் சற்றே இழுத்தும் விரைவுபடுத்தியும் பாடுவதிலும் அவர் நிகரற்றவர். மொசார்ட்டின் நீண்ட இசைத்தொடர்களை ஒரே மூச்சிற் பாடிப் பெற்ற பயிற்சியின் பயனே இது. அவையோர் மீண்டும் பாடும்படி ஆரவாரிக்க, அதே பாட்டை மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் வேறு பாவத்திற் பாடுவார். முதன்முறை முழுக்குரல், பிறகு பாதிக்குரல், இறுதியில் ஏறத்தாழ முணுமுணுப்பு. நம் இசை நாடக மேடையில் 'வன்ஸ்மோர்' கேட்டவர்களுக்கு இவ்வழக்கம் விநோதமாகத் தோன்றாது. கதையோட்டத்தைக் குலைப்பது என விமரிசகர் இதனைக் கண்டித்தனர். அவையோருக்கோ கதை ஒரு சாட்டு மாத்திரமே.

இம்மென்குரலின் வரலாற்றில் தொழில்நுட்பத்துக்கும் பங்குண்டு. 1925ஆம் ஆண்டு வரை ஒலிப்பதிவு கொம்புக் குழாயினுள்ளே பாடுவதாகவே இருந்தது. மெல்லிய ஒலிகள் தட்டிற் பதியா. கரூசோவின் காலத்துப் பாடகர் உரத்துப் பாடியே தீரவேண்டியிருந்தது. மின்முறை ஒலிப்பதிவும் ஒலிவாங்கியும் வந்தபின்னர் மூச்சின் அசைவும் பதிவாயிற்று. இரண்டாயிரம் பேர் அமர்ந்த மண்டபத்திற் பின்வரிசைக்கு எட்டவேண்டிய குரல், இப்போது வீட்டறையில் ஒருவருக்காக மாத்திரம் பாடுவதுபோல் ஒலிக்கத் தொடங்கிற்று. டௌபர் தம் வாழ்நாளில் எழுநூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுப் பக்கங்களைப் பதிவு செய்தார். அவற்றுள் மொசார்ட்டும், 1927இற் பதிவான சூபேர்ட்டின் 'குளிர்காலப் பயண'ப் பாடல்கள் பன்னிரண்டும், லெஹாரும், அன்றாட நடனப் பாட்டுகளும் ஒரே நிறுவனப் பெயரின் கீழ் ஒரே கடையில் விற்பனையாயின. உயர்கலைக்கும் சனரஞ்சகத்துக்கும் இடையே மண்டபம் எழுப்பிய சுவரை இசைத்தட்டுக் கடை இடித்துவிட்டது எனின் மிகையாகாது.

லெஹாருடன் இணைந்த ஆக்கங்கள் ஒன்றையொன்று விரைந்து தொடர்ந்தன. 1927இல் 'சாறேவிச்', 1928இல் 'பிறீடறிக்கே'. பின்னையது கவிஞர் கேத்தேயின் இளமைக் காதலைப் பொருளாகக் கொண்டது. ஜேர்மனியின் தேசியக் கவிஞர் ஒபெரெற்றா மேடையில் டெனராகத் தோன்றிப் பாடுவதாவது என்று பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 1929 ஒக்ரோபர் 10ஆம் நாள் பேர்லின் மெற்றோபோல் அரங்கில் 'புன்னகை நாடு' மேடையேறியது. இதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர் 'மஞ்சள் அங்கி' என்ற பெயரில் வெற்றி பெறாது போன ஆக்கமொன்றின் மறுவடிவம் இது. அதில் டௌபர் சூ-சொங் என்னும் சீன இளவரசன். வியன்னாப் பிரபுகுலப் பெண்ணொருத்தியை மணந்து பீக்கிங் செல்லும் அவன், மரபின்படி வேறு நான்கு பெண்களையும் மணக்க வேண்டியவனாகின்றான். அவள் பிரிந்து செல்ல, அவன் துயரை மறைத்துப் புன்னகைத்து நிற்கின்றான். இக்கதையிற் சித்திரிக்கப்படும் சீனம் வியன்னாவில் தைத்தெடுக்கப்பட்ட சீனமே. கீழைத்தேயம் என்றாற் பட்டும் பலதார மணமும் என்ற மேனாட்டுக் கற்பனை இங்கும் குறைவின்றி உண்டு. இதனைக் கூறாது விடுவது நேர்மையாகாது. எனினும் அவையோரின் அனுதாபம் முழுவதையும் அந்நியனான இளவரசனே பெறுகின்றான் என்பதும் கவனத்துக்குரியது.

'என் முழு இதயமும் உனதே' என்று தொடங்கும் பாட்டு இவ்வாக்கத்திலேயே வருகின்றது. டௌபரின் பெயரோடு பிரிக்கமுடியாதவாறு இணைந்துவிட்ட பாட்டு இது. 1931 மே மாதம் இலண்டன் திறூறி லேன் அரங்கில் இவ்வாக்கத்தின் ஆங்கில வடிவம் மேடையேறியபோது அந்நாட்டு மக்கள் அவரை அறிந்ததும் இப்பாட்டின் மூலமே.

அக்காலத்துச் சிந்தனையாளர் இவ்வெற்றியை ஐயத்தோடு நோக்கினர். வியன்னாவின் அங்கத எழுத்தாளர் கார்ல் கிறௌஸ் ஒபன்பாக்கின் ஒபெரெற்றாக்களைப் பெரிதும் போற்றியவர். லெஹார் வகையினவற்றை அதே அளவுக்கு வெறுத்தவர். முன்னையவற்றில் அதிகாரத்தை நகையாடும் கூர்மை உண்டு, பின்னையவற்றில் கண்ணீரும் வணிகமும் மாத்திரமே உண்டு என்பது அவர் கருத்தின் சாரம். மார்க்சிய அழகியலாளர் தியடோர் அடோர்னோ 1938இல் எழுதிய கட்டுரையொன்றில், இசையின் முழுமை மறக்கப்பட்டு நட்சத்திரப் பாடகரின் குரல்வளமே வழிபாட்டுப் பொருளாகிவிட்டதைச் சுட்டிக் காட்டினார். பண்டம் எவ்வாறு மனிதரை ஆட்கொள்கின்றது என்ற மார்க்சின் விளக்கத்தை இசைக்குப் பொருத்தும் முயற்சி அது. மெற்றோபோல் அரங்கில் ஒரே பாட்டை நான்கு தடவை கேட்ட அவையோரை எண்ணும்போது அவர் கூற்றை மறுப்பது எளிதன்று.

ஆயினும் அவ்விமரிசனம் முழு உண்மையையும் உணர்த்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பணவீக்கத்திலும் வேலையின்மையிலும் அல்லலுற்ற எழுதுவினைஞரும் தட்டெழுத்தாளரும் அப்பாட்டுகளிற் கண்டது வெறும் மயக்கம் மாத்திரமா? ஒபேரா மாளிகையின் நுழைவுச்சீட்டை வாங்க இயலாத ஒருவருக்கு, அம்மாளிகையிற் பயின்ற குரல் முதன்முறையாக வீட்டிலே கிட்டியது. டௌபர் லெஹாரைப் பாடும்போது மொசார்ட்டுக்குக் கொடுத்த கவனத்திற் சிறிதும் குறைக்கவில்லை என்பதற்கு இசைத்தட்டுகளே சாட்சி. சொல்லுச்சரிப்பிலோ சுரத்தூய்மையிலோ அவர் இரு தரம் வைத்துக்கொள்ளவில்லை. பாட்டுகள் அனைத்தும் ஒரே தகுதியின என்பது என் கருத்தன்று. சில வெறும் சர்க்கரைப் பாகே. கேட்போரைத் தாழ்வாகக் கருதி அவர் பாடவில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுகின்றது. புகழின் உச்சத்திலும் அவர் ஒபேராவைக் கைவிடவில்லை. வியன்னா அரச ஒபேராவுடனான தொடர்பு 1938 வரை நீடித்தது. லெஹாரின் இறுதி மேடை ஆக்கமான 'ஜூடித்தா' 1934 சனவரி 20ஆம் நாள் அரங்கேறியதும் அவ்வரச ஒபேராவிலேயே. வணிக அரங்கின் குரல், வணிக அரங்கின் இசையமைப்பாளரை அரச மாளிகைக்குள் அழைத்துச் சென்றது எனலாம்.

ஆனால் அதற்கிடையிற் பேர்லின் அவருக்கு மூடப்பட்டுவிட்டது. லெஹார் ஆக்கங்களை மெற்றோபோலில் மேடையேற்றிய றொற்றர் சகோதரர்கள் யூதர்கள். அவர்களுடைய நாடகசாலைக் கூட்டு 1933 சனவரியில் முறிவடைய, இருவரும் லீச்ரென்ஸ்ரைனுக்கு வெளியேறினர். அவர்களைக் கடத்திச் செல்ல 1933 ஏப்பிரலில் நாஸிகள் செய்த முயற்சியின்போது மூத்தவரான அல்பிறெட்டும் அவர் மனைவியும் தப்பியோடுகையில் மலைச்சரிவில் வீழ்ந்து இறந்தனர். அதே ஆண்டில் டௌபர் பேர்லின் தெருவிலே பழுப்புச் சட்டைக்காரரினால் யூதரென வைது தாக்கப்பட்டார். அவர் ஜேர்மனியை விட்டு நீங்கினார். சில மாதங்களுக்கு முன் அதே நகரில் அவருடைய பாட்டு ஒலிக்காத தேநீர்ச்சாலை அரிது.

இவ்விடத்தில் மற்றொரு டெனரையும் குறிப்பிடவேண்டும். புக்கொவினாப் பகுதியில் 1904இற் பிறந்த யோசப் சிமித் யூதத் தொழுகைக்கூடப் பாடகராகத் தொடங்கியவர். ஏறத்தாழ ஐந்தடி உயரமே உடைய அவருக்கு ஒபேரா மேடையில் இடம் கிட்டவில்லை. உருவம் தெரியாத வானொலியே அவருடைய மேடையாயிற்று. 1929 முதல் பேர்லின் வானொலியில் ஒபேராக்கள் பலவற்றைப் பாடி, சனரஞ்சகப் பாட்டுகளினால் நாடறிந்தவரானார். அவர் நடித்த 'உலகைச் சுற்றும் ஒரு பாட்டு' என்னும் திரைப்படம் பேர்லினில் 1933 மே 9ஆம் நாள் முதற்காட்சி கண்டது. மறுநாள் அதே நகரில் நூல்கள் எரிக்கப்பட்டன. வியன்னா, பெல்ஜியம், பிரான்சு என ஓடி, 1942இல் சுவிற்சர்லாந்துக்குள் நுழைந்த அவர், கீறன்பாட் தடுப்பு முகாமில் வைக்கப்பட்டிருந்த நிலையில் நவம்பர் 16ஆம் நாள் இதயநோயால் உயிர்நீத்தார். வயது 38.

'என் முழு இதயமும் உனதே' என்ற பாட்டின் சொற்களை எழுதியவர் யார் என்பதனையும் நோக்குவோம். பொஹீமியாவில் 1883இற் பிறந்த பிறிற்ஸ் லோனர்-பேடா சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், அங்கதக் கவிஞர், இருபதுகளில் ஜேர்மன் மொழியின் முன்னணிப் பாடலாசிரியர்களுள் ஒருவர். 'பிறீடறிக்கே', 'புன்னகை நாடு', 'ஜூடித்தா' ஆகியவற்றின் நூலாசிரியர்களுள் அவரும் ஒருவர். 1938 மார்ச்சில் ஜேர்மன் படைகள் ஒஸ்திரியாவினுட் புகுந்ததும் அவர் கைதுசெய்யப்பட்டார். ஏப்பிரல் 1ஆம் நாள் வியன்னாவிலிருந்து டக்கௌ முகாமுக்குப் புறப்பட்ட முதற்றொகுதிக் கைதிகளுள் ஒருவராக அனுப்பப்பட்டு, பின்னர் புகன்வால்ட்டுக்கு மாற்றப்பட்டார். அங்கு முகாம் அதிகாரிகள் ஒரு பாட்டு வேண்டுமெனக் கட்டளையிட, அவர் சொற்களை எழுத, உடன் கைதியான வியன்னாப் பாடகர் ஹேர்மன் லெயோபோல்டி இசையமைத்தார். கைதிகள் கணக்கெடுப்புக்கு நிற்கும் வேளைகளிலும் அணிவகுத்துச் செல்லும் வேளைகளிலும் அப்புகன்வால்ட் பாட்டைப் பாடவைக்கப்பட்டனர். விடுதலை பற்றிய நம்பிக்கையை அதிற் பொதிந்து வைத்திருந்தமையைக் கட்டளையிட்டோர் உணரவில்லை. லெயோபோல்டி 1939இல் விடுதலை பெற்று அமெரிக்கா சென்றார். லோனர்-பேடா 1942இல் அவுஸ்விற்ஸ் முகாமின் மொனோவிற்ஸ் பகுதிக்கு, பெரும் இரசாயன நிறுவனமொன்றின் தொழிற்சாலை வேலைக்கென அனுப்பப்பட்டு, திசெம்பர் 4ஆம் நாள் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் இரு பெண்குழந்தைகளும் அதே ஆண்டில் மாலி திறொஸ்தினெற்ஸ் என்னுமிடத்திற் கொல்லப்பட்டனர்.

இவையெல்லாம் நிகழ்ந்த காலத்தில் லெஹாரின் இசை ஜேர்மனியெங்கும் ஒலித்துக்கொண்டேயிருந்தது. ஹிற்லர் 'மகிழ்ச்சி மிகு விதவை'யின் பெரும் இரசிகர். லெஹார் கத்தோலிக்கர்; அவர் மனைவி யூதராகப் பிறந்தவராயினும் அவருக்கு விசேட பாதுகாப்பு வழங்கப்பட்டது. 1940இல் லெஹார் ஹிற்லரிடமிருந்து கேத்தே பதக்கம் பெற்றார். யூதரான நூலாசிரியர்களின் பெயர்கள் நிகழ்ச்சி நிரல்களிலிருந்து நீக்கப்பட்டன. லோனர்-பேடாவுக்காக லெஹார் பரிந்து பேசினார் எனச் சிலரும், இல்லையெனச் சிலரும் கூறுவர். அவர் விடுவிக்கப்படவில்லை என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பாட்டை வைத்துக்கொண்டு, அதனை எழுதியவனையும் பாடியவனையும் அகற்றிவிடுவதே அவ்வரசின் கலைக்கொள்கையாக இருந்தது. சனரஞ்சக இசையை அரசியலற்றதென ஒதுக்கும் விமரிசகர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அதன் வலிமையை நாஸிகள் நன்கு விளங்கி வைத்திருந்தனர்.

ஒஸ்திரியா விழுங்கப்பட்டபோது டௌபர் இத்தாலியில் இருந்தமையாற் தப்பினார். 1938இல் இலண்டன் கொவென்ற் கார்டனில் முதன்முறையாக அவர் பாடியது கெம்னிற்ஸில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏற்ற அதே தமினோ வேடத்தையே. 1936இல் ஆங்கில நடிகை டயானா நேப்பியரை மணந்திருந்த அவர் 1940இற் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். யுத்த காலத்தில் நகரந்தோறும் சென்று பாடினார். இலண்டன் பில்ஹார்மொனிக் இசைக்குழுவை நடத்தினார். 1943இல் 'பழைய செல்சி' என்னும் ஒபெரெற்றாவைத் தாமே இயற்றி அதில் நடித்தார். வானொலியில் வாராந்த நிகழ்ச்சி நடத்தினார். இங்கும் சூபேர்ட்டும் சனரஞ்சகப் பாட்டும் அருகருகே இடம்பெற்றன. ஜேர்மன் மொழி எதிரியின் மொழியாகிவிட்ட காலத்தில், அம்மொழியின் இசையை ஆங்கிலச் சொற்களிற் பாடி அவ்விசை நாஸிகளின் உடைமையன்று எனக் காட்டியவர் அவர். 'புன்னகை நாட்'டின் மாற்றுவடிவத்துடன் 1946இல் நியூயோர்க் சென்ற முயற்சி மாத்திரம் தொண்டை நோயினாற் சில வாரங்களிலேயே முடிவுற்றது.

லோனர்-பேடாவின் சொற்கள் பிற்காலத்தில் வேறு டெனர்களின் வாயிலும் வாழ்ந்தன. 1990 யூலை 7ஆம் நாள், உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டிக்கு முன்னாளிரவு, உரோமாபுரியின் கரகல்லா இடிபாடுகளிடையே கறேராஸ், டொமிங்கோ, பவரோற்றி ஆகிய மூவர் பாடிய நிகழ்ச்சி தொலைக்காட்சி வழியே உலகெங்கும் பரவியது. அதில் டொமிங்கோ பாடியவற்றுள் இப்பாட்டும் ஒன்று. ஒபேராவை மலினப்படுத்தும் செயல் என அந்நிகழ்ச்சியைச் சாடியோர் கூறிய வாதங்கள் 1929இல் மெற்றோபோல் பற்றிக் கூறப்பட்டவற்றினின்றும் அதிகம் வேறுபட்டனவல்ல. அவ்விவாதத்திற் பாடலாசிரியரின் பெயர் அரிதாகவே அடிபட்டது.

1947 செப்ரெம்பரில் வியன்னா அரச ஒபேரா இலண்டனுக்கு வந்து கொவென்ற் கார்டனில் நிகழ்ச்சிகளை நடத்தியது. அக்குழுவில் யுத்த ஆண்டுகளில் வியன்னாவிலேயே பாடி வந்தோரும் இருந்தனர். ஒன்பது ஆண்டுகளின் முன் தம்மை இழந்த அக்குழுவுடன் டௌபர் ஓர் இரவு மாத்திரம் சேர்ந்து பாடினார். செப்ரெம்பர் 27ஆம் நாள் மொசார்ட்டின் 'டொன் ஜொவானி'யில் ஒத்தாவியோ வேடம். இரு கடினமான தனிப்பாடல்கள் அவ்வேடத்துக்கு உண்டு. நீண்ட மூச்சை வேண்டுபவை. அவருடைய ஒரு நுரையீரல் அப்போது புற்றுநோயினாற் பயனற்றுப் போயிருந்தது. பாடிமுடித்த சில நாட்களில் அறுவைச் சிகிச்சை செய்து அதனை அகற்றினர். 1948 சனவரி 8ஆம் நாள் இலண்டனிற் காலமான அவர் பிறொம்ப்ரன் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். லெஹார் அதே ஆண்டு ஒக்ரோபர் 24ஆம் நாள் பாட் இஷ்லில் உள்ள தம் மாளிகையில் இறந்தார்.